கடிகாரமும் படைப்பாளரும்

இயற்கையில் காணப்படும் ஒழுங்கைச் சான்றாகக் கொண்டு, அதை வகுத்த அறிவுள்ள ஒருவர் இருந்தே தீரவேண்டும் என நாத்திகருக்கு விடையிறுக்கும் முறை 'வடிவமைப்பு வாதம்' எனப்படுகிறது. ஆங்கிலிகன் திருச்சபைக் குருவான வில்லியம் பேலி 1802இல் வெளியிட்ட 'இயற்கை இறையியல்' அதன் புகழ்பெற்ற வடிவமாகும். வெட்டவெளியில் கிடக்கும் கடிகாரத்தின் பற்சக்கரங்களும் சுருள்வில்லும் நேரங்காட்டும் ஒரே நோக்கில் இணைந்திருப்பதைக் காண்பவர், அதைச் செய்தவர் உண்டெனத் துணிவது போலவே கண்ணின் அமைப்பைக் காண்பவரும் துணியவேண்டும் என்றார் பேலி.

மறைநூலின் அதிகாரத்தை முன்வைக்காமல், எவரும் சோதித்துப் பார்க்கத்தக்க உடலுறுப்புகளைக் கொண்டே வாதிட்டது இம்முறையின் உண்மையான வலிமை. கேம்பிரிட்ஜ் மாணவராக இருந்தபோது பேலியை விரும்பிப் படித்த சார்லஸ் டார்வினே 1859இல் இயற்கைத் தேர்வுக் கொள்கையின் வழியாக, திட்டமிடுபவர் இன்றியும் உறுப்புகள் சூழலுக்கு இசைந்து அமையும் எனக் காட்டினார் என்பது வரலாற்றின் விளையாட்டு.

ஆயினும், இவ்வாதத்தின் பெரிய குறை உயிரியலில் இல்லை, இறையியலிலேயே உள்ளது. கடிகாரம் செய்பவர் முன்பே இருக்கும் உலோகத்தைக் கையாள்பவர். அவர் இறந்த பின்னும் கடிகாரம் ஓடும். கிறித்தவ மரபு கூறும் படைப்போ இன்மையிலிருந்து நிகழ்வது. உலகின் இருப்பு ஒவ்வொரு கணமும் இறைவனைச் சார்ந்தே நிற்கிறது என்பது அதன் பொருள். அதனாலேயே, உலகுக்குத் தொடக்கம் இல்லை என்று கொண்டாலும் அது படைக்கப்பட்டதாகவே இருக்கும் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸால் வாதிட முடிந்தது. பேலி முற்றும் வென்றாலும் கிடைப்பவர் ஒரு கைவினைஞரே. கடவுளை நம்புவதால்தான் வடிவமைப்பை ஏற்பதாகவும், வடிவமைப்பைக் கண்டதால் கடவுளை ஏற்கவில்லை என்றும் கத்தோலிக்க இறையியலாளர் ஜான் ஹென்றி நியூமன் 1870இல் ஒரு கடிதத்தில் எழுதியது இக்குறையை உணர்ந்தே எனலாம்.

கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஆவணம் நாத்திகரை எதிர்கொள்வதில் வேறு வழியில் சென்று, நாத்திகம் தோன்றுவதில் விசுவாசிகளின் பிழைபட்ட போதனைக்கும் வாழ்க்கைக் குறைகளுக்கும் பங்குண்டு என ஒப்புக்கொண்டது. இந்நேர்மை பாராட்டத்தக்கது, ஆனால் சான்று போதாது என்பதற்காகவே மறுக்கும் நாத்திகருக்கு விசுவாசிகளின் ஒழுக்கம் விடையாகாது. உலகின் தீமையைக் கண்டு எழும் எதிர்ப்பும் நாத்திகத்துக்குக் காரணமாகலாம் என்று அதே ஆவணம் குறிப்பிடுகிறது. பேலியின் வழிநிற்போர் இவ்வெதிர்ப்பைத் தட்டிக்கழிக்க இயலாது. கண்ணின் வில்லை படைப்பாளரின் நோக்கத்துக்குச் சான்றெனில், ஆப்பிரிக்க ஆற்றங்கரைகளில் ஈக்கடியால் பரவி அக்கண்ணையே குருடாக்கும் ஒட்டுண்ணிப் புழுவையும் அதே கணக்கில்தான் எழுதவேண்டும்.