கிலோ கணக்கில் மறையும் நீர்

தென்கிழக்கு ஸ்பெயினின் அல்மேரியாவில் ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். பக்கத்திலுள்ள தபேர்னாஸை ஐரோப்பாவின் ஒரே பாலைவனம் என்பார்கள். இந்த வறண்ட மாவட்டத்தில் 30,000 ஹெக்டேருக்கு மேல் பிளாஸ்டிக் பசுமைக்குடில்கள் பரந்து கிடக்கின்றன. குளிர்காலத்தில் ஐரோப்பியர் உண்ணும் தக்காளி, குடமிளகாய், வெள்ளரியில் கணிசமான பங்கு இங்கிருந்து போகிறது. பாலைநில வேளாண்மைக்கு இதை முன்மாதிரியாகக் காட்டுவோர், ஒரு கிலோ காய்க்கு எவ்வளவு நீர் செலவாகிறது என்று கணக்குச் சொல்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் பார்க்க வேண்டிய கணக்கு அது அல்ல.

இந்த விவசாயிகளின் கெட்டிக்காரத்தனத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. களிமண் பரப்பி, அதன்மேல் தொழுவுரம் இட்டு, அதற்கும் மேலே சுமார் 10 சென்டிமீட்டர் மணல் போடுகிறார்கள். மணல் ஈரத்தைக் காக்கிறது. உப்பு மேலேறாமலும் தடுக்கிறது. குடிலும் ஆடம்பரமானதல்ல: 1960களில் திராட்சைப் பந்தலின் மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டியதில் தொடங்கியது. நெதர்லாந்துக் கண்ணாடிக் குடில்கள் எரிவாயுவால் சூடேறும் மாதங்களில் இங்கே வெயிலே போதும். கோடையில் கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். இந்த வெண்பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்புவதால் 1983 முதல் 2006 வரை குடில் பகுதியின் வெப்பநிலை பத்தாண்டுக்கு 0.3 டிகிரி வீதம் குறைந்தது என்றுகூட ஓர் ஆய்வு காட்டியது. பூச்சிமருந்து எச்சம் பிடிபட்டு ஏற்றுமதி ஆட்டம் கண்டதும், குடமிளகாய்க்காரர்கள் சில ஆண்டுகளிலேயே பூச்சி தின்னும் பூச்சிகளுக்கு மாறினார்கள். (நல்லெண்ணத்தைவிடச் சந்தைப் பயம் வேகமாக வேலை செய்யும்போலும்.)

சிக்கல் என்னவென்றால், சொட்டுநீர்ப் பாசனத்தில் மிச்சமான நீர் நிலத்துக்குள் தங்கவில்லை. அடுத்த குடிலுக்குப் போனது. சிக்கனம் லாபத்தைத் தந்தது, லாபம் பரப்பை விரித்தது. 1980களிலேயே கட்டுப்பாடுகள் வந்தும் ஆழ்நீர் மட்டம் சரிந்து, கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறியது. அங்குள்ள லாஸ் நோரியாஸ் என்ற ஊரில் இதன் விசித்திரமான விளைவைக் காணலாம். குடில்களுக்குக் களிமண் வெட்டிய பள்ளத்தில் மேல்மட்ட நிலத்தடி நீர் ஊறி ஏரியாகிவிட்டது. உப்பும் உரமும் கலந்த அந்த நீரை விவசாயிகள் கைவிட்டு ஆழத்திலிருந்து இறைக்க, பாசனக் கசிவில் மேல்மட்டம் மட்டும் உயர்கிறது. கீழே வறட்சி, மேலே வெள்ளம்!

கடல்நீரைச் சுத்திகரித்தால் தீராதா என்று கேட்பார்கள். ஓரளவு தீரும். அல்மேரியாவிலேயே அப்படிப்பட்ட ஆலைகள் உண்டு; ஆனால் அந்த நீர் கிணற்று நீரைவிட விலை கூடியது. இறைக்க முடிகிறவரை விவசாயி இறைக்கவே செய்வார். ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவில் 2016இல் திறந்த பண்ணை 23,000 கண்ணாடிகளால் வெயிலைக் குவித்துக் கடல்நீரை நன்னீராக்கித் தக்காளி வளர்த்தது. தொழில்நுட்பம் பலித்தது உண்மை. ஆனால் வெறும் 20 ஹெக்டேருக்குச் சுமார் 20 கோடி ஆஸ்திரேலிய டாலர் முதலீடு. இரண்டு ஹெக்டேர் வைத்திருக்கும் அல்மேரியக் குடும்பத்துக்கு இது வழியாகாது. குடில்களை மூடினால் கூலிக்கு வந்த மொராக்கோ முதலிய ஆப்பிரிக்க நாட்டுத் தொழிலாளர்கள் எங்கே போவார்கள் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். மூடச் சொல்லவில்லை, விரியாமல் நிறுத்தச் சொல்கிறேன். நீர் வற்றினால் அந்த வேலையும் போய்விடும்.

ஆழ்நீரிலிருந்து மொத்தம் எவ்வளவு இறைக்கலாம் என்று உச்சவரம்பு வைத்து, கிணறுதோறும் மீட்டர் பொருத்தி, அதற்குள் அடங்கும் பரப்பை மட்டும் அனுமதிக்காதவரை, அல்மேரியாவைத் திறமையான வேளாண்மை என்று சொல்லலாம். நிலைத்த வேளாண்மை என்று சொல்ல முடியாது.