விரல்நுனி அறியும் மொட்டு

வைகாசி வெயில் ஏறுவதற்குள் மல்லிகை பறித்து முடித்துவிட வேண்டும். நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் விடியும் முன்பே குடும்பமே செடிகளுக்கிடையில் குனிந்திருக்கும். எதைப் பறிப்பது என்பதில்தான் வித்தை. இன்று மாலை மலரப்போகும் மொட்டு பருத்து, பால்வெள்ளையாக நிற்கும். பச்சை மாறாதது நாளைக்கு. அரையிருட்டில் கண்ணைவிட விரல்நுனிதான் இதை முதலில் கண்டுகொள்கிறது. நகம் படாமல் காம்போடு ஒரு கிள்ளு, மெலிதாக ஒரு ‘டிக்’, மொட்டு மடிக்குள் போயிருக்கும். அந்த வேகத்தில் ஓர் அரும்புகூட நசுங்காததை எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை.

வரப்போரம் வெண்டை. நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குவது நம் பழக்கம். பறிக்கிற அம்மாவோ ஒடிப்பதில்லை. சுணை அரிக்கும் கையால் தொட்டதுமே பிஞ்சைக் கொய்து, முற்றலை விதைக்கு விட்டுவிடுகிறார்.