கேள்வி யாருடையது?

நான் படித்த பள்ளிக்கூடத்தில் குடிமைப் பயிற்சி என்பது சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட். வாத்தியார் கேள்வி கேட்பார். நாங்கள் எழுந்து பதிலை ஒப்பிப்போம். பஞ்சாயத்தின் கடமைகளை ஒப்பித்து முடித்த கையோடு, ஒரு நாள் நான், "நம்ம தெருவுக்கு மட்டும் ஏன் ஸார் இன்னும் ரோடு போடலை?" என்று கேட்டுவிட்டேன். "கேள்வி கேட்பது நானா, நீயா?" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

டான் ராத்ஸ்டீன், லூஸ் சந்தானா இருவரும் எழுதி 2011-ல் வெளிவந்த அமெரிக்கப் புத்தகம் ஒன்றைப் படித்தபோது அந்தக் குரல் மறுபடியும் காதில் விழுந்தது. கேள்வி கேட்க வேண்டியவர்கள் மாணவர்கள்தான் என்கிறது அது.

இந்த யோசனை பிறந்த கதை ரஸமானது. மாஸசூஸெட்ஸில் லாரன்ஸ் என்று ஒரு பழைய ஆலை நகரம். பிள்ளைகள் பாதியில் படிப்பை விட்டுவிடாமல் தடுக்க 1980களில் அங்கே ஒரு முயற்சி நடந்தது. பெற்றோர் பள்ளிக்கு வராததற்குக் காரணம், அங்கே போய் என்ன கேட்பதென்று தெரியாததுதான். சரியென்று கேள்விகளை எழுதிக் கொடுத்தார்கள். பெற்றோர் மேலும் கேள்விகள் வேண்டுமென்று திரும்பி வந்தார்கள்! இரவல் கேள்வி எத்தனை நாளைக்கு வரும்? கேட்கும் வித்தையையே சொல்லிக்கொடுக்க வேண்டுமென்பது அப்போதுதான் புரிந்தது.

முறை எளியது. ஆசிரியர் கேள்வி கேட்பதில்லை. ஒரு வாக்கியம் மட்டும் கொடுக்கிறார். "18 வயது நிறைந்தவர் ஓட்டளிக்கலாம்" என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1971 முதல் நாடு முழுவதற்கும் இதுவே சட்டம். மாணவர்கள் தோன்றியதையெல்லாம் கேள்வியாக எழுத வேண்டும். நடுவில் பதில் சொல்லக் கூடாது. நல்ல கேள்வி, அசட்டுக் கேள்வி என்று தரம் பிரிக்கவும் கூடாது. ஓட்டுப் போட 18 போதுமென்றால், பிரதிநிதிகள் சபைக்கு நிற்க மட்டும் ஏன் 25 என்று ஒரு பையன் கேட்கக்கூடும். அதன்பின் முக்கியமான மூன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இத்தனைக்கும் ஆசிரியர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். முறையில் கஷ்டமான பாகம் அதுதான்.

எனக்கு ஒரு குறை உண்டு. வாக்கியம் ஆசிரியருடையது, மூன்றைப் பொறுக்கும் அளவுகோலைச் சொல்பவரும் அவரே. கயிற்றின் இரண்டு முனையும் அவர் கையில். கணக்குப் பாடத்தில் இதனால் பாதகமில்லை. அரசாங்கத்தைப் பற்றிய பாடத்தில் உண்டு. லாரன்ஸ் பெற்றோரின் கேள்விக்குப் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் அங்கே இருந்தார். வகுப்பில் பிறக்கும் கேள்வி பரீட்சைத் தாளோடு செத்துப்போனால், அது பயிற்சிதான், குடிமை அல்ல.

வாத்தியாருக்கு ரோடு போடும் அதிகாரம் இல்லை, வாஸ்தவம். ஆனால் பஞ்சாயத்து ஆபீஸுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கலாம்.