ரிட்ஜ்வே கைக்கு வந்த படை

1950 டிசம்பர் 23 அன்று ஜீப் விபத்தில் ஜெனரல் வால்டன் வாக்கர் இறந்தார். அவருடைய எட்டாவது ராணுவம் அப்போது கொரியாவில் சீனத் தாக்குதலுக்கு முன் நிற்காமல் தெற்கே பின்வாங்கிக்கொண்டிருந்தது. மூன்றே நாட்களில் மேத்யூ ரிட்ஜ்வே வாஷிங்டனிலிருந்து வந்து பொறுப்பேற்றார். உடைந்த படையைத் தனியொருவராக நிமிர்த்தியவர் என்று இன்றுவரை அவருக்குப் பெயர். அந்தப் புகழில் எவ்வளவு அவருக்கு உரியது?

முதலில் கழிக்க வேண்டியதைக் கழிப்போம். வாக்கரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே தனித்து இயங்கிய பத்தாவது கோர், ரிட்ஜ்வேயின் கீழ் வந்தது. டோக்கியோவில் அவரைச் சந்தித்த தலைமைத் தளபதி மெக்கார்தர், படையை விருப்பப்படி நடத்திக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தனுப்பினார். ஆகவே 1950 கோடையில் பூசானைக் காத்து நின்ற வாக்கரை இவரோடு ஒப்பிட்டுத் தாழ்த்துவது நியாயமே அல்ல. பெங் தெஹுவாயின் சீனப் படையும் சியோலைப் பிடித்த சில நாட்களிலேயே, ஜனவரி 8 அன்று, தாக்குதலை நிறுத்திக்கொண்டது. நீண்டுவிட்ட வழங்கல் பாதை, விமானக் குண்டுவீச்சு, பனி, பசி எல்லாம் சேர்ந்து அதைக் களைக்க வைத்திருந்தன.

இத்தனையும் போக மிஞ்சுவது என்ன? வந்த கையோடு தாக்க வேண்டும் என்பதே ரிட்ஜ்வேயின் விருப்பம். முன்னணிக்குப் போய்ப் பார்த்தார். ரோந்து போகாத, எதிரி எங்கே இருக்கிறான் என்றே அறியாத படைப்பிரிவுகளைக் கண்டார். தாக்கும் எண்ணத்தை ஒத்திவைத்தார். ஜனவரி 4 அன்று சியோலைக் கைவிட்டவரும் அவரே. புதிதாக வந்த தளபதிக்கு இதைவிடக் கசப்பான தொடக்கம் இருக்க முடியாது. ஆனாலும் தன் பெயருக்காக வீரர்களைப் பலியிடவில்லை. சூடான உணவு, கையுறை, கடிதம் எழுதத் தாள் என்று அவர்கள் கேட்டதைக் கிடைக்கச் செய்தார். மார்பில் கையெறிகுண்டு தொங்கவிட்டதைப் பலர் பேசுவார்கள்; எனக்கு அந்தக் கையுறைகள்தான் பெரிதாகப் படுகின்றன.

ஒரு கறையும் உண்டு. பின்வாங்கும் திட்டம் மட்டுமே கையில் வைத்திருந்த ஒரு கோர் அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்கினார். பின்வாங்கும் உத்தரவுகளை அந்த வாரங்களில் பிறப்பித்தவரோ ரிட்ஜ்வேதான். டிவிஷன் தளபதிகள் சிலர் வழக்கமான பணிமாற்றம் என்ற பெயரில் மரியாதையோடு ஊர் திரும்பினார்கள். கீழே இருந்தவர் விலை கொடுத்தார். படைக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கலாம். அதனால் அந்த நீக்கம் நேர்மையானதாகிவிடாது.

ஜனவரி 15 அன்று சுவோன் திசையில் ஒரு சோதனைத் தாக்குதல் நடத்திப் பார்த்தார். 24 அன்று சிறு பயிற்சி விமானத்தில் எதிரிப் பகுதிக்கு மேலேயே பறந்து தரையைக் கண்ணால் பார்த்தார். மறுநாள்தான் படையை வடக்கே நகர்த்தினார். சீனப் படையின் களைப்பை ஊகிக்காமல் இப்படிச் சோதித்து அறிந்துகொண்டார்.

உரைகல் பிப்ரவரி 13 முதல் 15 வரை சிப்யோங்னியில் கிடைத்தது. நவம்பரில் சீனர் சூழ்ந்ததும் சிதறிய அதே டிவிஷனின் ஒரு ரெஜிமென்ட், பிரெஞ்சு பட்டாலியனோடு சேர்ந்து, முற்றுகைக்குள் நின்று போரிட்டு இடத்தைக் காத்தது. எதிரியின் களைப்பு மட்டும் இதை விளக்கிவிடாது. மார்ச் நடுவில் சியோல் மீண்டும் கைக்கு வந்தது. தனியொருவராக நிமிர்த்தினார் என்பது மிகை. எட்டாவது ராணுவத்தை மீண்டும் போரிடும் படையாக்கியதில் முதல் பங்கு ரிட்ஜ்வேக்கே உரியது.