பொறுமையின் சிகரமும் ஆடுசாபட்டி வாத்தியாரும்

‘கமலாம்பாள் பொறுமையின் சிகரமாகத் திகழ்கிறாள்.’ ஒரு பருவத்தில் ‘கமலாம்பாள் சரித்திரம்’ நாவல் பற்றி நான் திருத்திய விடைத்தாள்களில் பாதிக்கு மேல் இந்த வரி இருந்தது. எல்லாரும் ஒரே நோட்ஸைப் படித்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நானும் ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்து மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

பாத்திரப் படைப்பு, கருப்பொருள் என்று நாவலைக் கூறுபோட்டுப் படிப்பது நம் வகுப்பறைகளில் ஊறிப்போன முறை. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. கதைச்சுருக்கத்தை ஒப்பித்துவிட்டு உட்காரும் பிள்ளையை, ‘அவள் ஏன் பேசாமல் இருந்தாள்?’ என்ற கேள்விதான் மறுபடி பக்கத்தைப் புரட்டவைக்கிறது. பி. ஆர். ராஜமய்யர் 1893இல், தம் 21 வயதில், ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக எழுதத் தொடங்கிய நாவல் இது, 1896இல் நூலானது. தலைப்பில் இருப்பவள் கமலாம்பாள். பின்பாதியில் கதை யார் பின்னால் போகிறது? அவள் கணவர் முத்துஸ்வாமி ஐயர் பின்னால். பழி விழுந்தது அவள் மேல். குரு கிடைப்பதும் ஞானம் வாய்ப்பதும் அவருக்கு. இந்த ஓரவஞ்சனை, அவளைத் தனியே பிரித்தெடுத்துத் தேடினால்தான் கண்ணில் படும். அந்த அளவுக்கு இந்த முறைக்கு நான் கடன்பட்டவன்.

கருப்பொருள் என்று வரும்போதுதான் சிக்கல். கதை தமக்கு முக்கியமல்ல, அலைக்கழிந்த ஓர் ஆன்மா அமைதி காண்பதே நோக்கம் என்கிற பொருளில் ராஜமய்யரே நூலின் முடிவில் சொல்லிவிடுகிறார். ஆசிரியரே சொன்ன பிறகு அப்பீல் ஏது? ‘வேதாந்தம்’ என்று ஒரு சொல் எழுதினால் பத்து மதிப்பெண் நிச்சயம்.

அந்தச் சொல்லுக்குள் அடங்காமல் திமிறுகிறவர் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை. வாய் திறந்தால் செய்யுள். எதிரே நிற்பவருக்குப் புரிகிறதா என்ற கவலையே இல்லாத தமிழ் வாத்தியார். ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் வகுத்த கணக்கில் இவர் ஒற்றைக் குணத்தில் அடங்கிவிடும் தட்டைப் பாத்திரம். நம் நோட்ஸில் ‘துணைப் பாத்திரங்கள்’ என்ற தலைப்பின்கீழ், ‘நகைச்சுவைக்காகப் படைக்கப்பட்டவர்’ என்று ஒரே வரி. நாவலை மூடி வைத்த பிறகும் காதில் ஒலிப்பது அவர் குரல்தான். பாடம் செய்த வரியை இடம்பொருள் பாராமல் எடுத்து விடுகிற பண்டிதரை ராஜமய்யர் கிண்டல் செய்கிறார். அந்தப் பண்டிதரைப் பற்றியும் நாம் பாடம் செய்த வரியைத்தான் எழுதுகிறோம்!

இன்னொன்று. நாவலின் இன்னொரு தலைப்பு ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’. கதை நடக்கும் ஊரான சிறுகுளத்துப் பெண்கள் கூடி வம்பளக்கும் பக்கங்களை நாம் ரசித்துச் சிரிக்கிறோம். அந்த ஊர்வாயில் ஒருநாள் கமலாம்பாள் பெயரே அரைபடுகிறது. பாத்திரங்களை ஒரு பக்கமும் கருப்பொருளை ஒரு பக்கமும் அடுக்குகிறவர்களுக்கு இந்தச் சிரிப்புக்கும் அந்தப் பழிக்கும் உள்ள தொடர்பு அகப்படாது. அது இரண்டுக்கும் நடுவே, பேச்சின் ருசியில் இருக்கிறது.

அடுத்த முறை உள்தேர்வில் கேள்வியை மாற்றிப் பார்த்தேன்: ‘வம்புப் பேச்சில் நீங்கள் எங்கே சிரித்தீர்கள்?’ பலர் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. ஒரு மாணவி மட்டும் இடத்தைச் சரியாகக் குறித்து, பின்பாதியைப் படித்தபோது அங்கே சிரித்தது உறுத்தியது என்று எழுதியிருந்தாள். கையெழுத்து கோணல், பத்துக்கு எட்டு போட்டேன்.