கோர்ராவின் மூன்றாண்டும் நாச்சியாரின் எட்டாண்டும்

காரைக்குடிப் பக்கம் பள்ளி ஆண்டு விழா என்றால் பெரும்பாலும் மேடையில் ஒரு வேலு நாச்சியார் இருப்பார். அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய வாள், ஜரிகைத் தலைப்பாகை, மைக் அதிரும் வசனம். காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் விழுவார். அடுத்த காட்சியிலேயே ராணி சிவகங்கையை மீட்டுவிடுவார். நடுவே போனது எட்டு ஆண்டுகள், 1772 முதல் 1780 வரை. விருப்பாட்சியில் கோபால நாயக்கரின் ஆதரவில் இருந்து, ஹைதர் அலியிடம் உதவி கேட்டு, படை திரட்டிய காலம் அது. மேடையில் அதற்குத் திரை விழுந்து எழும் நேரம்கூடக் கிடைப்பதில்லை.

இந்தக் குறை மனத்தில் இருக்க, ‘தி லெஜண்ட் ஆஃப் கோர்ரா’ என்ற அமெரிக்க அனிமேஷன் தொடரை எடைபோடலாம். மைக்கேல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கோனியெட்ஸ்கோ இருவரும் நிக்கலோடியனுக்காக உருவாக்கியது. 2012 முதல் 2014 வரை நான்கு பாகங்கள், 52 எபிசோடுகள். நீர், நிலம், நெருப்பு, காற்று நான்கையும் ஆள்பவர் ‘அவதார்’; இந்தப் பிறவியில் அவர் கோர்ரா என்ற பதினேழு வயதுப் பெண். பெண் நாயகி என்றால் பையன்கள் பார்ப்பார்களா என்று சேனலுக்குள்ளேயே ஒரு தயக்கம் இருந்ததாம்.

சண்டைக்காரி எத்தனை பேரை அடிக்கிறாள் என்பது எனக்குக் கணக்கில்லை. கடைசி அடியை யார் அடிக்கிறார்கள், தோற்ற பிறகு கதை அவளோடு இருக்கிறதா, இந்த இரண்டையும்தான் பார்ப்பேன்.

முதல் பாகம் இரண்டிலும் தோற்கிறது. ஆமோன் என்பவன் கோர்ராவின் சக்திகளைப் பறித்துவிடுகிறான். அவள் அழுது முடிப்பதற்குள் முற்பிறவி ஆங் தோன்றி எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிடுகிறார். முதலில் 12 எபிசோடோடு முடிக்கத் திட்டமிட்ட கதை என்பதால் அவசரம் புரிகிறது. அதற்காக மன்னிக்க முடியாது. அதைவிட மோசம், சக்தியில்லாத சாமானியர்களின் குறையை நியாயமாக எழுப்பிவிட்டு, அவர்கள் தலைவன் ஆமோனே வேடதாரி என்று காட்டி அந்தக் கேள்வியை ஊற்றி மூடுவது. இரண்டாம் பாகத்தில் சலிப்பூட்டும் முக்கோணக் காதல் நீள்கிறது. கடைசிச் சண்டையிலும் ஜினோரா என்ற சிறுமி வந்துதான் வழி திறக்கிறாள்.

மூன்றாம் பாகத்தில் தொடர் நிமிர்கிறது. ஸாஹீர் என்ற எதிரியின் கூட்டம் கோர்ராவைச் சங்கிலியில் கட்டி உடலில் பாதரசத்தை ஏற்றுகிறது. பிழைக்கிறாள், ஆனால் சக்கர நாற்காலியில். சுற்றிலும் கொண்டாட்டம் நடக்க, அவள் கண்ணில் ஒரு துளி நீர். பாகம் அங்கே முடிகிறது.

நான்காம் பாகத்தின் இரண்டாவது எபிசோடைத்தான் இந்தத் தொடரின் உச்சம் என்பேன். சுவரை உடைத்துக்கொண்டு வந்து மூன்று பூதங்களை ஒரே மூச்சில் ஆட்டிக்காட்டிய குழந்தையாக நமக்கு அறிமுகமானவள் கோர்ரா. இங்கே வைத்தியம் பார்க்கும் கிழவி கட்டாரா அவளைக் கால்விரலை அசைக்கச் சொல்கிறாள். முகம் சுருங்க முயல்கிறாள், விரல் அசைகிறது. அவ்வளவுதான் அந்தக் காட்சியின் வெற்றி. பிறகு நடக்கப் பார்த்து விழுகிறாள். நண்பர்களில் அசாமி ஒருத்திக்கு மட்டும் கடிதம் எழுதுகிறாள். மூன்று ஆண்டுகள் இப்படிப் போகின்றன. மூன்று வருடக் கணக்குக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்த வணிகத்துக்கு, போன செட்டியார்களின் வீடுகளை ஆச்சிமார் தனியே நடத்திய சீமை எங்களுடையது. காத்திருப்பில் வீரமில்லை என்று இங்கே எவரும் சொல்லமாட்டார்கள். முடிவில் கோர்ரா தன் எதிரி குவிராவையே காக்க ஆயுதத்தின் முன் போய் நிற்கிறாள். இந்தமுறை முடிவைக் கட்டுவது அவளேதான்.

குறை இல்லாமல் இல்லை. பட்ஜெட்டை வெட்டியதால் ஒரு எபிசோடையே பழைய காட்சிகளை ஒட்டித் தேற்றினார்கள். மூன்றாம் பாகத்தின் நடுவில் தொடரைத் தொலைக்காட்சியிலிருந்து எடுத்து இணையத்துக்குத் தள்ளினார்கள். அந்தப் பழி சேனலைச் சேரும்.

கோர்ரா கற்பனை, நாச்சியார் வரலாறு. சான்றில்லாத ஆண்டுகளை எப்படி நாடகமாக்குவது என்று கேட்கலாம். சான்று அடியோடு இல்லாமல் போகவில்லை. பிரதானி தாண்டவராயப் பிள்ளை ஹைதருக்குக் கடிதம் எழுதினார். சில காலத்தில் அவரும் இறந்துபோனார். மகள் வெள்ளச்சியோடு அந்நியச் சீமையில் ஓர் அரசி. இதற்குமேல் ஒரு நாடகாசிரியருக்கு என்ன வேண்டும்? சிக்கல் நம் ரசனையில் இருக்கிறது. நாச்சியாரின் படைப் பெண்ணாக வாய்மொழி மரபில் மட்டுமே வாழும் குயிலியை நாம் அறிவது அவள் எரிந்த கணத்தில். நாச்சியாருக்காக உயிர்விட்டவளாகக் கொல்லங்குடியில் கும்பிடும் உடையாளை அறிவது அவள் வெட்டுப்பட்ட கணத்தில். அவர்கள் வாழ்ந்த நாட்களை நாம் கேட்பதே இல்லை. கோர்ராவின் பின்பாதி நம் நாச்சியார் நாடகங்களைவிட உயரமாக நிற்பது இந்த ஓர் இடத்தில்தான்.

முதல் இரண்டு பாகங்கள் தேறாது. பின்னிரண்டும், அந்த ஒட்டுவேலை எபிசோடைத் தள்ளிவிட்டால், பெண் நாயகியை வைத்து வந்த அனிமேஷன் தொடர்களில் முதல் வரிசை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க நினைப்பவர்கள் முன்கதையை வாயால் சொல்லிவிட்டு மூன்றாம் பாகத்திலிருந்தே தொடங்கலாம்.