பழைய துணியில் மிஷின் பூவேலை: எப்படி ரசிப்பது?

கைத்தையல் என்றால் கையில் எடுத்து உற்றுப் பார்க்கிறோம். மிஷின் தையல் என்றால், “பட்டனைத் தட்டினால் அதுவே போட்டுவிடும்” என்று நகர்ந்துவிடுகிறோம். சேலை ஓரத்துக்குப் பிக்கோ அடிக்கும் அதே ஜிக்ஜாக் ஊசிதானே என்ற அலட்சியம். ஆனால் பழைய துணியில் அலங்காரத் தையல் போடுவது, புதுத் துணியில் போடுவதைவிடக் கடினம். எங்கே வெளுத்திருக்கிறது, எங்கே இற்றிருக்கிறது, எங்கே இழுபட்டிருக்கிறது என்று துணியைப் படித்துவிட்டுத்தான் ஊசியை இறக்க வேண்டும். அந்தப் படிப்பு தையலில் தெரிகிறதா என்று தேடுங்கள். ரசனை அங்கிருந்து தொடங்குகிறது.

முதலில் துணி

ஒரு பழைய ஜீன்ஸ் ஜாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். ஜீன்ஸ் துணியில் பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. அந்த நீலச் சாயமும் பெரும்பாலும் நூலின் வெளிப்புறத்தில்தான் பிடித்திருக்கும், நடுவே வெள்ளை. அதனால்தான் முழங்கையிலும் பாக்கெட் வாயிலும் தேயத் தேய வெளுக்கிறது. பாக்கெட்டைப் பிரித்து எடுத்தால், உராய்வும் வெயிலும் படாத கருநீலக் கட்டம் ஒன்று அப்படியே நிற்கும். சுமாரான கை அதன்மேல் ஒட்டுத்துணி வைத்து மறைத்துவிடும். தேர்ந்த கை அந்தக் கட்டத்தின் விளிம்பிலேயே மஞ்சள் நூலால் ஓரம் கட்டி, உள்ளே ஒரு கிளையும் நாலு இலையும் போடும். கருநீலத்தின் மேல் மஞ்சள் எப்படி எழுந்து நிற்கிறது என்று பாருங்கள். அந்தப் பின்னணியைப் புதுத் துணி தராது.

ஜீன்ஸுக்கும் மிஷின் அலங்காரத்துக்கும் உள்ள உறவு பழையது. லீவைஸ் பேண்ட்டின் பின் பாக்கெட்டில் இரட்டை வளைவாக ஓடும் தையலைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் நூலைச் சிக்கனப்படுத்த வேண்டியிருந்தது. துணியைப் பிடித்து நிறுத்தும் வேலை எதுவும் அந்த வளைவுக்கு இல்லாததால் அதைத் தைக்க முடியாமல் போனது. நிறுவனம் வளைவைக் கைவிடவில்லை. பெயிண்டால் வரைந்து விற்றது. ஓர் உடையின் அடையாளமே அலங்காரத் தையலில் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அடுத்து நூல்

இலை, எழுத்து, ஓரம் போன்றவற்றைப் பெரும்பாலும் சாட்டின் தையலில் நிரப்புவார்கள். ஜிக்ஜாக்கின் நீளத்தை அரை மில்லிமீட்டருக்கும் கீழே குறைத்தால், நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பளபளக்கும் பட்டையாகிவிடும். பட்டைக்கு நடுவே துணி தெரியக் கூடாது. நூல்மேல் நூல் ஏறி மேடு தட்டவும் கூடாது. ஓரத்தில் வேறு நிறப் புள்ளிகள் தெரிந்தால், அடியிலிருந்து வரும் பாபின் நூல் மேலே எட்டிப் பார்க்கிறது, நூலின் இழுப்பு (டென்ஷன்) சரியில்லை என்று பொருள்.

பிறகு மூலைகளைப் பாருங்கள். நேர்கோட்டில் யாரும் தைத்துவிடலாம். தையற்காரரின் தரம் திருப்பத்தில் தெரியும். வெளிமூலையில் ஊசியை வெளிப்பக்கம் இறக்கி நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி, துணியைத் திருப்பி, மறுபடி ஓட்ட வேண்டும். வளைவு என்றால் இதைப் பலமுறை செய்ய வேண்டும். ஒரு சிறு வட்டப் பூவின் விளிம்பில் இடைவெளியே இல்லையென்றால், அங்கே ஊசி எத்தனை முறை நின்று நின்று போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் ஊர்த் தையல் வகுப்புகளில் சாதாரணக் கால் மிஷினிலேயே எம்பிராய்டரி சொல்லித் தருவார்கள். ஃபுட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டு, வளையத்தில் இறுக்கிய துணியைக் கையாலேயே நகர்த்துவார்கள். கால் வேகமாகவும் கை மெதுவாகவும் போனால் தையல் பொடியாக விழும். கை முந்தினால் நீளும். அப்படிப் போட்ட கொடியில் தையல்கள் ஒரே அளவாக இருக்காது. வளைவில் பொடித்து, நேரில் நீண்டு ஓடும் அந்த ஏற்ற இறக்கம் தைத்தவரின் கையெழுத்து. அதைக் குறையாகப் பார்க்காதீர்கள்.

உள்பக்கம் திருப்புங்கள்

நல்ல வேலைப்பாட்டின் உள்பக்கத்தில் முடிச்சுக் குவியலும் தொங்கும் நூலும் இருக்காது. அதைவிட முக்கியம், தேய்ந்த இடத்தில் உள்ளே தாங்குதுணி கொடுத்திருக்கிறார்களா என்பது. இற்றுப்போன துணியில் நெருக்கமாக ஊசி இறங்கினால் தபால்தலை ஓரம்போலத் துளைகள் வரிசை கட்டிவிடும். நாலு முறை துவைத்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். தாங்குதுணி இருந்தால் பூவே துணிக்குக் காவலாகிவிடும்.

தையலைச் சுற்றித் துணி சுருங்கியிருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள். பழைய பருத்தித் துணிக்கு இங்கே ஒரு நன்மை உண்டு. பலமுறை துவைத்துச் சுருங்க வேண்டிய அளவுக்குப் பெரும்பாலும் சுருங்கி, சாயமும் போக வேண்டிய அளவுக்குப் போயிருக்கும். சுருக்கமில்லாமல் தைத்த பூ, துவைத்த பிறகும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நூல் எது என்றும் கேளுங்கள். பாலியஸ்டர் நூல் நிறம் மங்காமல் நிற்கும். ரேயான் நன்றாக மின்னும், ஆனால் நனைந்தால் வலுக் குறையும். பருத்தி நூல் துணியோடு சேர்ந்து தானும் வெளுக்கும். பழைய துணிக்கு எனக்குப் பிடித்தது பருத்திதான். சில மாதங்களில் பூவும் சட்டையும் ஒரே வயதாகிவிடும்.

கடைசியாக, எட்ட நின்று பாருங்கள். பூ எங்கே இருக்கிறது? கறை இருந்த இடத்தில், கிழிசல் இருந்த இடத்தில், காலர் நைந்த இடத்தில் என்று காரணத்தோடு அமர்ந்திருந்தால் அது தேர்ந்த வேலை. இடம் காலியாக இருந்ததால் போட்ட பூ, எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், ஒரு படி கீழேதான்.

பழைய துணியைப் பாத்திரக்காரரிடம் போடும் முன் ஒரு சட்டையையாவது எடுத்து வையுங்கள். மிஷின் எம்பிராய்டரி தெரிந்தவர் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். அவரிடம் கொடுத்து, எங்கே என்ன போடலாம் என்று அவரையே கேளுங்கள். கூலி பேசும்போது மட்டும் பிக்கோ கூலியோடு ஒப்பிடாதீர்கள். அவர் துணியைப் படிக்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள்.